இரண்டு கிராம் கையில் இருந்தால் குற்றவாளியா, நோயாளியா?

கடைசிபெஞ்ச் (கேள்வி):

போதைப்பொருளைச் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவரைச் சிறையில் தள்ளக் கூடாது என்பவர்கள் போர்ச்சுகலைக் காட்டுகிறார்கள். வேண்டவே வேண்டாம் என்பவர்கள், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் இதையே செய்து மூன்று வருஷத்தில் கையைச் சுட்டுக்கொண்டதைக் காட்டுகிறார்கள். இரண்டும் ஒரே கொள்கைதானா? அப்படியென்றால் ஓரிடத்தில் எடுபட்டது இன்னோரிடத்தில் ஏன் கவிழ்ந்தது?

கூடவே இரண்டு சந்தேகம். "இத்தனை கிராம் வரை" என்று சட்டம் கோடு போடுகிறதே, தராசில் எதை வைக்கிறார்கள்? சரக்கை மட்டுமா, அதில் கலந்திருக்கும் மாவையும் சேர்த்தா? அடுத்தது, இந்தச் சட்டத்துக்குக் கை தூக்குகிற அரசியல்வாதியே ஒரு காலத்தில் இழுத்தவர் என்று தெரியவந்தால், சொந்த விஷயம் என்று விட்டுவிடுவதா? கட்சிச் சண்டை வேண்டாம். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தராசுமுள்:

எடையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பாதி அநியாயம் அங்கேதான் நடக்கிறது.

எதை எடை போடுவது என்பதில் நாட்டுக்கு நாடு வேறு கணக்கு. இந்தியச் சட்டத்தில் ஹெராயின் 5 கிராம் வரை சிறு அளவு, 250 கிராமுக்கு மேல் போனால் வணிக அளவு. கோகெயினுக்கு 2 கிராம், 100 கிராம். கஞ்சாவுக்கு 1 கிலோ, 20 கிலோ. சிறு அளவுக்கு அதிகபட்சம் ஓராண்டு. வணிக அளவுக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு. அதோடு 37ஆம் பிரிவும் வந்து உட்கார்ந்துகொள்ளும். "இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருக்கிறது, வெளியே போனாலும் குற்றம் செய்ய மாட்டார்" என்று நீதிமன்றத்துக்குத் திருப்தி வந்தால்தான் ஜாமீன். விசாரணையே தொடங்காத நிலையில் அந்தத் திருப்தி எங்கிருந்து வரும்?

இனி மாவு விஷயம். கலவையில் இருக்கும் சுத்தமான போதைப்பொருளின் எடையைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் சொன்னது. மறுவருஷமே அரசு அறிவிக்கை போட்டு அதைத் திருப்பியது. 2020இல் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதி அமர்வு, கலவை மொத்தத்தின் எடைதான் கணக்கு என்று முடித்துவிட்டது. இதன் விளைவைப் பாருங்கள். ஒருவரிடம் 300 கிராம் பொடி, அதில் ஹெராயின் 5 சதவீதம், அதாவது 15 கிராம். இன்னொருவரிடம் 200 கிராம், அதில் 60 சதவீதம், அதாவது 120 கிராம். எட்டு மடங்கு சரக்கு வைத்திருப்பவர் வணிக அளவுக்குள் வரவில்லை. மாவு வைத்திருந்தவருக்குக் குறைந்தது 10 ஆண்டு. தெருமுனையில் விற்பவன் கைக்கு வரும்போது சரக்கு பல கை மாறிக் கலப்படம் ஏறியிருக்கும். மேலே இருப்பவனிடம்தான் சுத்தமாக இருக்கும். மொத்த எடைக் கணக்கு யாரைக் கடிக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடப் பச்சையான உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. எல்.எஸ்.டி. என்ற மனமயக்கப் போதைப்பொருளை உறிஞ்சுதாளில் ஊறவைத்து, தபால்தலை மாதிரி துண்டு துண்டாக விற்பார்கள். 1991இல் சாப்மன் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஆயிரம் வேளைக்கான துண்டுகள். மருந்தின் எடை சுமார் 50 மில்லிகிராம், தாளோடு சேர்த்து 5.7 கிராம். 5 ஆண்டு கட்டாயத் தண்டனைக்கான கோடு 1 கிராம். தாளையும் எடை போடலாம் என்று தீர்ப்பு வந்தது. அதே மருந்தைச் சர்க்கரைக் கட்டியில் சொட்டவிட்டிருந்தால் தண்டனை இன்னும் எகிறியிருக்கும்.

சிங்கப்பூர் நேர் எதிர். அங்கே ஆய்வகம் கண்டுபிடிக்கும் சுத்தமான டயமார்ஃபின் (ஹெராயினின் வேதிப்பெயர்) அளவுதான் கணக்கு. நியாயமாகத் தெரிகிறதா? பொறுங்கள். 2 கிராமைத் தாண்டினால் விற்கத்தான் வைத்திருந்தார் என்று சட்டமே அனுமானித்துவிடும், இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. 15 கிராமைத் தாண்டினால் மரண தண்டனை. அதனால்தான் அங்கத்திய குற்றச்சாட்டுகளில் "14.99 கிராமுக்குக் குறையாத" என்ற வாசகத்தை அடிக்கடி பார்க்கலாம். கைப்பற்றியது அதைவிட அதிகமாக இருந்தும், உயிர் போகக் கூடாது என்று அரசு வழக்கறிஞர் குறைத்துப் போட்ட எண் அது. ஒரு மனிதன் பிழைப்பதும் சாவதும் 10 மில்லிகிராமில் இருக்கிறது. அதைத் தீர்மானிப்பவர் நீதிபதி அல்ல, குற்றச்சாட்டை எழுதுபவர்.

மெக்சிகோ 2009இல் சொந்த உபயோகத்துக்கு விலக்கு கொடுத்தது. ஹெராயினுக்கு 50 மில்லிகிராம், கோகெயினுக்கு அரை கிராம். தினமும் ஹெராயின் ஏற்றிக்கொள்பவருக்கு 50 மில்லிகிராம் ஒரு வேளைக்கே போதாது. சலுகை கொடுத்தது போலவும் ஆயிற்று, யாருக்கும் கிடைக்காமலும் ஆயிற்று.

என் கருத்து: எடையை ஓர் அடையாளமாக மட்டும் வைக்கலாம். அதை வைத்தே வியாபாரி என்று முத்திரை குத்தக் கூடாது. மின்தராசு, காலிப் பொட்டலக் கவர்கள், சில்லறையாகச் சேர்ந்த பணம், போனில் கணக்குவழக்கு, இதெல்லாம் இருந்தால் வியாபாரி. ஒன்றுமே இல்லாமல் பொடி மட்டும் இருந்தால் அரசு மெனக்கெட்டு நிரூபிக்கட்டும்.

---

ஆறாம்விரல்:

போர்ச்சுகல், ஓரிகன் விஷயத்துக்கு வருகிறேன். கிராம் கணக்கைப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு இடத்திலும் ஹெராயினுக்கு 1 கிராம், கோகெயினுக்கு 2 கிராம். போர்ச்சுகலில் பத்து நாள் உபயோகம் என்று கணக்கிட்டு அந்த எண்ணுக்கு வந்தார்கள். ஆகவே வித்தியாசம் எடையில் இல்லை. பிடிபட்டவருக்கு மறுநாள் என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது.

போர்ச்சுகலில் 2001 ஜூலை 1 முதல் இப்படி: போலீஸ் சரக்கைப் பறிமுதல் செய்யும், பெயரைக் குறித்துக்கொள்ளும், 72 மணி நேரத்துக்குள் ஓர் ஆணையத்தின் முன்னால் போகச் சொல்லும். ஆணையத்தில் மூன்று பேர். ஒருவர் சட்டம் படித்தவர், மற்றவர்கள் மருத்துவம், உளவியல், சமூகப்பணி போன்ற துறைகளிலிருந்து. அங்கி கிடையாது, கூண்டு கிடையாது, மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். அதற்கு முன்பே அலுவலகக் குழு அவரிடம் தனியாகப் பேசி, எப்போதாவது எடுப்பவரா, அடிமையானவரா என்று பிரித்துவைத்திருக்கும். எப்போதாவது எடுப்பவர், முதல் தடவை என்றால் நடவடிக்கையை நிறுத்திவைப்பார்கள். அடிமையானவர் சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டாலும் அப்படியே. ஒப்புக்கொள்ளாதவருக்கு வேறு தடைகள் உண்டு: குறிப்பிட்ட இடங்களுக்குப் போகக் கூடாது, அவ்வப்போது நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இப்படி. ஆனால் அடிமையானவருக்கு அபராதம் போட மாட்டார்கள். அந்தப் பணத்தைப் புரட்ட அவர் என்ன செய்வார் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. நான் அந்தச் சட்டத்தில் மிகவும் மதிக்கிற வரி அதுதான்.

விற்பனைக்கு அங்கே இன்றும் 4 முதல் 12 ஆண்டு சிறை. "போர்ச்சுகலில் போதைப்பொருள் சட்டபூர்வம்" என்று ஃபார்வர்டு அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஓரிகன் 2020 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தியது. 2021 பிப்ரவரி 1 முதல் அமல். போலீஸ் ஒரு சீட்டு கிழித்துக் கொடுக்கும், 100 டாலர் அபராதம். சீட்டில் இருக்கும் எண்ணுக்கு போன் செய்து நலப் பரிசோதனைக்கு ஒப்புக்கொண்டால் அபராதமும் ரத்து. போன் செய்யாவிட்டால்? ஒன்றும் இல்லை. பெரும்பாலானவர்கள் சீட்டைக் கசக்கிப் போட்டார்கள். எதிரே உட்கார்ந்து பேச ஆளே இல்லை. கஞ்சா வரியிலிருந்து சிகிச்சைக்கு ஒதுக்கிய பணம் அமைப்புகளின் கைக்குப் போய்ச் சேர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதாவது கதவை முதலில் திறந்துவிட்டு, அறையைப் பிறகு கட்டினார்கள். அதே நேரத்தில் ஃபென்டனில் என்ற கடும் வீரியமான செயற்கைப் போதைப்பொருள் வந்து இறங்கியது. ஹெராயினுக்கு மில்லிகிராமில் வரும் வேளைக் கணக்கு இதில் மைக்ரோகிராமுக்கு இறங்குகிறது, கை நடுங்கினால் ஆள் போய்விடுவார். சாவு கூடியதில் சட்டத்தின் பங்கு எவ்வளவு, ஃபென்டனிலின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். தெருவில் நின்று பார்த்த வாக்காளர் அந்தப் பிரிப்பெல்லாம் பார்க்கவில்லை. 2024 செப்டம்பர் 1 முதல் வைத்திருப்பது மறுபடி குற்றம், 180 நாள் வரை சிறை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவும் 2023 ஜனவரியில் 2.5 கிராம் வரை விலக்கு கொடுத்துப் பார்த்தது. 2024 மே மாதமே பொது இடங்களில் அந்த விலக்கைத் திரும்பப் பெற்றது. பூங்கா, பஸ் நிறுத்தம், மருத்துவமனை வாசல் என்று எங்கே எடுக்கலாம் எங்கே கூடாது என்பதை ஆரம்பத்தில் தெளிவாக எழுதாததன் பலன்.

---

கண்ணாடிக்குடுவை:

தராசுமுள் சொன்னதற்கு ஒரு படி முன்னாலேயே தவறு நடக்கிறது. எடை போடுவதற்கு முன், அது போதைப்பொருள்தானா?

சாலையில் வைத்து போலீஸ் செய்யும் கிட் சோதனை நிற மாற்றத்தை மட்டும் பார்க்கிறது. கோகெயினுக்கு கோபால்ட் தயோசயனேட், நீலமாகும். டைஃபென்ஹைட்ரமின் என்ற சாதாரண அலர்ஜி மாத்திரைக்கும் நீலமாகும். மரத்துப்போகச் செய்யும் லிடோகெயினும் ஏமாற்றும். ஹெராயின், மார்ஃபினுக்கு மார்க்வி கரைசல். ஃபார்மலினும் அடர் கந்தக அமிலமும் சேர்ந்தது, ஊதா வரும். அதே அமிலம் சர்க்கரையைக் கருக்கிப் பழுப்பாக்கும். ஆம்ஃபெட்டமினுக்கு வரும் ஆரஞ்சு-பழுப்பும் இந்தப் பழுப்பும் இரவில் மஞ்சள் தெருவிளக்குக்குக் கீழே ஒன்றாகவே தெரியும். கிட் உறையிலேயே "முதல்நிலைச் சோதனை மட்டும்" என்ற பொருளில் எழுதியிருக்கும். உறுதி செய்ய வேண்டியது ஆய்வகத்தில், கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் அடையாளம் காட்டும், வாயு நிறப்பிரிகையும் நிறை நிரலும் சேர்ந்த கருவியில்.

அமெரிக்காவில் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் மாவட்டத்தில் நடந்தது இதற்குப் பாடம். ஆய்வக முடிவு வருவதற்கு முன்பே, ஜாமீன் கட்ட முடியாதவர்கள் குறைந்த தண்டனைக்கு ஆசைப்பட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பிறகு முடிவு வந்தபோது பலரிடம் இருந்தது போதைப்பொருளே இல்லை. செய்யாத குற்றத்தை ஒருவர் ஏன் ஒப்புக்கொள்வார் என்று கேட்பவர்கள் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் சில வாரத்தில் வீடு, எதிர்த்தால் பல மாதம் உள்ளே.

மாதிரி எடுப்பதில் வழக்கமாகச் சொதப்பும் இடங்கள்: பத்துப் பொட்டலத்தையும் ஒரே பையில் கொட்டிக் கலக்கிவிட்டு ஒரு மாதிரி எடுப்பது. பத்தில் மூன்றுதான் சரக்காக இருந்திருக்கும், கலக்கிய பிறகு பத்தும் சரக்கு. உறையோடு எடை போட்டுவிட்டு, உறையின் எடையைத் தனியாகக் குறிக்காமல் விடுவது. பொட்டலத்தில் வைத்த முத்திரையோடு ஒப்பிட அதன் மாதிரிப் பதிவை அனுப்பாமல் விடுவது. இந்திய நடைமுறையில் மாதிரி பொதுவாக 5 கிராம்; கஞ்சா, அபின், சரஸ் (கஞ்சாப் பிசின்) என்றால் 24 கிராம்; ஒவ்வொன்றும் இரட்டைப் பிரதி. 2022 விதிகளின்படி மாஜிஸ்ட்ரேட் முன்னிலையில்தான் எடுக்க வேண்டும்.

கஞ்சாவில் இன்னொரு கூத்து. சட்டத்தின்படி கஞ்சா என்பது பூத்த, காய்த்த நுனிகள். நுனியோடு சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. தண்டோடும் வேரோடும் பிடுங்கி, ஈரத்தோடு மூட்டை கட்டி 21 கிலோ என்று எழுதினால், உலர்த்திப் பிரித்த பிறகு அது 20க்கு எவ்வளவோ கீழே நிற்கும். 20 கிலோ கோட்டை ஒட்டிய வழக்கு எது வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, ஈரமா, காய்ந்ததா? தண்டு உண்டா?

---

வேப்பங்கொழுந்து:

எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள், கொஞ்சம் எதிர்ப்பக்கமும் இருக்கட்டும். ஆணையம், சிகிச்சை எல்லாம் சரி. பின்னால் ஒரு குச்சி இல்லாவிட்டால் யாரும் வருவதில்லை என்பதைத்தான் ஓரிகன் காட்டியது. 1989இல் மயாமியில் தொடங்கிய போதை நீதிமன்ற முறை ஓடுவதே குச்சியை நம்பித்தான். வாராவாரம் நீதிபதி முன் நிற்க வேண்டும், சிறுநீர்ப் பரிசோதனை, தவறினால் ஓரிரு நாள் உள்ளே, முடித்தால் வழக்கு தள்ளுபடி. அதிலும் குறை உண்டு. சில நீதிபதிகள், ஹெராயினுக்குப் பதிலாக டாக்டர் தரும் மெத்தடோன் மருந்தை எடுப்பதையே போதையாகப் பார்த்து நிறுத்தச் சொன்னார்கள். உடம்பின் தாங்குதிறன் இறங்கிய பிறகு பழைய அளவை ஏற்றிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும் என்பது சட்டப் படிப்பில் வராத பாடம். குச்சி வேண்டும், ஆனால் மருந்துச் சீட்டு டாக்டரிடமே இருக்கட்டும்.

---

ஆறாம்விரல்:

@வேப்பங்கொழுந்து குச்சி மட்டும்தான் வேலை செய்கிறது என்றால் சுவிட்சர்லாந்தை எப்படி விளக்குவது? 1994 முதல் அங்கே, வேறு எந்தச் சிகிச்சையும் எடுபடாத நீண்டகால அடிமைகளுக்கு மருத்துவமனையே ஹெராயின் கொடுக்கிறது. நாளைக்கு இரண்டு மூன்று முறை போய், செவிலியர் கண்முன்னால் ஏற்றிக்கொள்ள வேண்டும். 2008இல் மக்கள் வாக்கெடுப்பில் 68 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். பழமைவாதிகள் நிறைந்த நாடு அது. இரக்கத்தை மட்டும் வைத்து அந்த ஓட்டு விழவில்லை. பூங்காவில் ஊசி கிடப்பது நின்றது, திருட்டு குறைந்தது. ஆனால் நீங்கள் சொன்ன மெத்தடோன் விஷயத்தில் ஒரு வார்த்தை மாற்ற மாட்டேன்.

---

முச்சந்தி:

மூன்றாவது கேள்விக்கு யாரும் வரவில்லை, நான் வருகிறேன்.

அரசியல்வாதியின் படுக்கையறையும் பீரோவும் என் விஷயம் இல்லை, நான்கு இடங்களில் தவிர. தான் ஓட்டுப் போட்ட சட்டம் தன் மேல் பாயாதபோது. அரசுப் பணமோ அதிகாரமோ அதை மறைக்கச் செலவாகும்போது. மிரட்டலுக்கு வழிவிடும்போது. அடுத்தவரின் சம்மதம் இல்லாதபோது. கடைசியைச் சொந்த வாழ்க்கை என்று சொல்வதே தப்பு, அது நேரே குற்றம்.

முதலாவதற்கு நல்ல உதாரணம் ட்ரே ராடல், ஃப்ளோரிடாவிலிருந்து அமெரிக்கக் காங்கிரஸுக்குப் போனவர். உணவு உதவி வாங்கும் ஏழைகளுக்குப் போதைப் பரிசோதனை நடத்த மாநிலங்களை அனுமதிக்கும் திருத்தத்தை 2013இல் ஆதரித்தார். அதே வருஷம் அக்டோபரில், மாறுவேடத்தில் இருந்த அதிகாரியிடம் 3.5 கிராம் கோகெயின் வாங்கிப் பிடிபட்டார். தண்டனை ஓராண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. அவர் கோகெயின் எடுத்தது எனக்குப் பெரிதில்லை. அரிசி பருப்பு வாங்க சிறுநீர் கொடுக்க வேண்டும் என்றவர் சம்பளம் வாங்கத் தான் கொடுத்தாரா என்பதுதான் கேள்வி. 2014 ஜனவரியில் பதவி விலகினார்.

பிரிட்டனில் மைக்கேல் கோவ் 2019இல் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டபோது, இருபது வருஷத்துக்கு முன் கோகெயின் எடுத்ததை ஒப்புக்கொண்டார். பத்திரிகையாளராக இருந்த காலம் அது. பழைய கதை, விட்டுவிடலாம் என்று தோன்றும். ஆனால் இடையில் அவர் கல்வி அமைச்சராக இருந்தார். பிரிட்டிஷ் சட்டம் மிகக் கடுமையானதாக வகைப்படுத்தும் 'ஏ' பிரிவுப் போதைப்பொருள் குற்றத்தில் சிக்கிய ஆசிரியருக்கு வாழ்நாள் தடைவரை போகும் ஒழுங்கு விதிகள் அந்தத் துறையின் கீழ்தான் இருந்தன. கேட்க வேண்டியது அங்கே.

சில சமயம் ஒப்புதல் வாக்குமூலம் நல்லதும் செய்யும். 2000 அக்டோபரில் பிரிட்டிஷ் எதிர்க்கட்சியின் நிழல் உள்துறை அமைச்சர் (அந்தத் துறைக்கு எதிர்க்கட்சி நியமிக்கும் பேச்சாளர்), கஞ்சாவோடு பிடிபட்டால் உடனே 100 பவுண்டு அபராதம், விதிவிலக்கே இல்லை என்று மாநாட்டில் முழங்கினார். சில நாளில் அதே நிழல் அமைச்சரவையைச் சேர்ந்த ஏழு பேர், நாங்களும் இளமையில் இழுத்திருக்கிறோம் என்று பத்திரிகையிடம் சொன்னார்கள். திட்டம் அன்றே படுத்துவிட்டது. நூறு ஆய்வறிக்கை செய்யாததை ஏழு வாக்குமூலம் செய்தது.

இரண்டாவதற்கு மித்தராண். பிரான்ஸ் அதிபருக்குத் திருமணத்துக்கு வெளியே ஒரு மகள் இருந்தார், 1994வரை பத்திரிகைகள் வாய் திறக்கவில்லை. அது அவர் குடும்பப் பாடு, நாகரிகம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்தக் குடும்பம் அரசுக் குடியிருப்பில் இருந்தது, அரசுக் காவலில் இருந்தது. அதிபர் மாளிகையின் தீவிரவாதத் தடுப்புப் பிரிவு பத்திரிகையாளர்கள், எழுத்தாளர்களின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டது, ரகசியம் வெளியே போகாமல் காப்பதும் அதில் ஒரு காரணம். உறவு வரைக்கும் சொந்த வாழ்க்கை, ஒட்டுக்கேட்ட கம்பி பொதுச் சொத்து. அவருடைய புற்றுநோயும் அப்படித்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை உடல்நல அறிக்கை வெளியிடுவேன் என்று அவரே சொன்னார். 1981 நவம்பரிலேயே நோய் தெரிந்தும் பல வருஷம் பொய் அறிக்கைதான் வந்தது.

---

கடைசிபெஞ்ச்:

நன்றி. முச்சந்தி, ஒன்று மட்டும். பிடிபட்டுத் தண்டனை அனுபவித்தவரை மறுபடி தேர்ந்தெடுப்பது சரியா?

---

முச்சந்தி:

வாஷிங்டன் மேயர் மேரியன் பேரி 1990 ஜனவரியில் கிராக் (புகைக்கும் கட்டி வடிவக் கோகெயின்) புகைக்கும்போது காமிராவில் சிக்கினார். ஆறு மாதச் சிறை. 1994இல் மக்கள் மறுபடி அவரையே மேயராக்கினார்கள். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, தண்டனை முடிந்தால் முடிந்ததுதான். என் எரிச்சல் வேறு. அப்போதைய அமெரிக்கச் சட்டத்தில் 5 கிராம் கிராக்குக்குக் கட்டாயம் 5 ஆண்டு, அதே 5 ஆண்டுக்குப் பொடி கோகெயின் என்றால் 500 கிராம் வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்ற அந்த விகிதம் 2010இல்தான் 18க்கு ஒன்றாக இறங்கியது, கிராக் கோடு 28 கிராமுக்கு ஏறியது. மேயருக்கு ஆறு மாதம் கிடைத்த அதே ஊரில், 5 கிராமோடு சிக்கிய பையன்கள் அவர் மறுபடி பதவியேற்ற நாளில் இன்னும் உள்ளேதான் இருந்திருப்பார்கள். அவர்களுக்கு ஓட்டுப் போட யாரும் வரிசையில் நிற்கவில்லை.

---

தராசுமுள்:

ஆறாம்விரலுக்கு ஒரு திருத்தம். போர்ச்சுகலின் பத்து நாள் கோடு 2001 முதல் ஒரே சீராக இருக்கவில்லை. 2008இல் அங்கத்திய உச்ச நீதிமன்றம், பத்து நாளுக்கு மேல் வைத்திருந்தால் சொந்த உபயோகத்துக்கே என்றாலும் குற்றம்தான் என்று சொல்லிவிட்டது. பதினோராவது நாள் சரக்கு கையில் இருந்தவர் மறுபடி குற்றவியல் நீதிமன்றத்துக்குப் போனார். 2023இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். பத்து நாளைத் தாண்டுவது இப்போது வெறும் அறிகுறி, சொந்த உபயோகம் என்று தெரிந்தால் ஆணையத்துக்கே அனுப்பலாம். முன்மாதிரி என்று எல்லோரும் கை காட்டும் நாட்டிலேயே எடையைச் சரிசெய்ய 15 வருஷம் பிடித்திருக்கிறது.